சிவப்புக் கோட்டுக்குக் கீழே

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. உசிரு போற காரியம்."

தம்பானூர் மதுக்கடை வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மழையில் பாதி நனைந்த வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் குத்திய அடையாள அட்டை, மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி. இந்த மாதிரி ஆள் இந்த வரிசையில் நிற்பதே அபூர்வம். முந்த நினைப்பது அதைவிட அபூர்வம்.

"இங்க எல்லாருக்கும் உசிரு போற காரியம் தன்னே, சாரே," என்றார் கைலியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர். "எனக்குக் காலம்பற முதல் போய்க்கிட்டிருக்கு. பின்னால போயி நில்லுங்க."

வரிசை சிரித்தது. திருவனந்தபுரத்தில் பஸ்ஸில் முண்டலாம், கோவில் நடையில் முண்டலாம், ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக்கூட முண்டிப் பார்க்கலாம். இந்த ஒரு வரிசையில் மட்டும் பருப்பு வேகாது.

கோமதிநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒருத்தர் மெத்தனால் குடிச்சிட்டார். கண்ணு போய்க்கிட்டிருக்கு. மருந்துக்குத்தான் கேக்குதேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. மெத்தனால் என்றால் என்னவென்று அந்த வரிசைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விஷச்சாராயம் குடித்துக் கண் போனவர்களின் படம் பத்திரிகைகளில் வந்து அதிக காலம் ஆகவில்லை. கைலிக்காரர் ஒதுங்கி, கோமதிநாயகத்தின் முதுகில் கை வைத்து அவரைக் கம்பி வலைக்கு முன்னால் தள்ளினார்.

"ஏதா பிராண்டு?" என்றான் உள்ளே இருந்தவன்.

"பிராந்தி. எதுவா இருந்தாலும் சரி."

"சாருக்கு ஆத்தியமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அனுதாபத்தோடு கேட்டது.

முதல் தடவைதான். நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவை. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் விழுந்த பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ஓடினார். பஸ் நிலையத்திலிருந்து பொன்முடி பஸ் பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஏணிப்படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். கண்டக்டர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

"சாகணும்னா வேற வண்டி நோக்கிக்கோ. எவிடெக்கா?"

"கல்லாறு."

ஜன்னலோரம் இருந்த அம்மாள் பிளாஸ்டிக் பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டில் கழுத்தைக் கவனித்தார். புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். இருவர் உட்காரும் சீட்டில் கோமதிநாயகம் தனியாக உட்கார்ந்தார். அது அவருக்குப் பழக்கம்தான்.

நெடுமங்காடு, விதுரை, அப்புறம் கல்லாறு. எவ்வளவு மிதித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. தாசையனுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதா?

காலையில் நடந்தது இரண்டே விஷயம். தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றுமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான் அவரை இப்படி ஓட வைத்தது.

முதல் விஷயத்தைக் கொண்டு வந்தவள் சபீனா. ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்கிற பெண்.

"சார், கல்லாத்துலேர்ந்து கழற்றிக் கொண்டு வந்த பழைய எரிபொருள் செல்லை மூணு வட்டம் டெஸ்ட் பண்ணியாச்சு. ஜவ்வுல ஒழுக்கே இல்ல. ஒரு மாசம் முழுக்க விட்டாலும் ஒரு டம்ளர் தேறாது."

"இருக்காதும்மா. அங்கே டேங்கே காலியாகுது."

"அது எனக்கறியில்ல சார். ஜவ்வு வழியாப் போகல. அதை மாத்திரம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம்."

கல்லாற்றில் மலைவெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. மேலே பொன்முடியில் மழை கொட்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பாறையில் உட்கார்ந்து கால் நனைக்கிற கல்லூரிப் பிள்ளைகளை, திரும்பிப் பார்ப்பதற்குள் ஆறு அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்காகத்தான் அங்கே ஒரு சங்கு வைத்தார்கள். ஆற்றில் ஒரு மிதவை, நீர் ஏறினால் சங்கு ஊதும். மழை என்று சொன்னாலே கரண்டு போகிற இடம் அது. மரக்கூட்டத்துக்குள் சூரியத் தகடும் வேலைக்காகாது. எனவே கோமதிநாயகத்தின் செல்.

அது சாராயத்தில் ஓடுகிற செல். தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மின்சாரம். நெருப்பில்லை, புகையில்லை. நடுவில் ஒரு ஜவ்வு, ஜவ்வின் முகத்தில் பூசிய கறுப்புப் பொடி, அவ்வளவுதான். பொடிதான் வினையூக்கி. அதில் இருப்பது பிளாட்டினம். ஸ்பிரிட்டை உடைத்து மின்சாரத்தைக் கறப்பது அதுதான். ஆனால் உடையும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு, மழைக்காட்டு அட்டை மாதிரி பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் விடாது. பொடி செத்துப்போகும். பக்கத்திலேயே ருத்தீனியம் என்ற இன்னொரு உலோகத்தைச் சேர்த்துவிட்டால் அட்டை மேல் உப்பு வைத்த மாதிரி உதிர்ந்துவிடும். எவ்வளவு சேர்ப்பது, எந்தச் சூட்டில் சேர்ப்பது என்ற கேள்வியில்தான் கோமதிநாயகத்தின் இளமை கரைந்தது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் உலை சூட்டில் இருந்தது.

கல்லாற்றில் செல்லை வைத்த நாளிலிருந்து ஒரே வில்லங்கம். டேங்கின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் ஒரு சிவப்புக் கோடு. ஒரு முறை நிரப்பினால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் ஸ்பிரிட் அந்தக் கோட்டுக்கு இறங்க வேண்டும். இறங்கியது இரண்டே வாரத்தில். இறங்கியதும் அங்கே காவலுக்கு இருக்கிற தாசையன், பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கு வந்து போன் செய்வார். "சாரே, கோட்டுக்குக் கீழ போயாச்சு." கோமதிநாயகம் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்.

ஸ்பிரிட் எங்கே போகிறது? உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஜவ்வில் ஒழுகி மறுபக்கம் போகிறது. இந்தச் செல்களின் பிறவிக் குணம் அது. கோமதிநாயகம் வேறு யோசிக்கவே இல்லை. ஸ்பிரிட் ஜவ்வைத் தொடுவதற்கு முன்பே அதை விழுங்கித் தீர்க்கிற வேகமான பொடி செய்தால் போயிற்று என்று இறங்கினார்.

செய்தார். புதுப் பொடி வைத்ததும் அளவெடுப்பதற்காக வாராவாரம் கல்லாற்றுக்குப் போனார். சனிக்கிழமை காலை போனால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவார். அந்த இரண்டு மாதமும் ஸ்பிரிட் கணக்குப்படி இறங்கியது, ஒரு நூல் பிசகவில்லை. வெற்றி என்று பேப்பர் எழுத உட்கார்ந்தார். எழுதுகிற மும்முரத்தில் கல்லாற்றுப் பக்கம் போகவில்லை. மறுபடி போன். "சாரே, கோட்டுக்குக் கீழ போயாச்சு."

பொடி செத்துவிட்டது என்று முடிவு கட்டினார். இன்னொரு பொடி செய்தார். இந்த முறை எரிபொருளையும் மாற்றினார். அதுவரை ஊற்றியது எத்தனால், குடிக்கிற சாராயத்தில் இருக்கிற அதே ஆல்கஹால். அதன் மூலக்கூறில் இரண்டு கார்பன் கைகோத்துக்கொண்டு பிரியமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மெத்தனாலில் ஒரே கார்பன், சுலபமாக உடையும். ஆனால் மனிதன் குடித்தால் முதலில் கண் போகும், அப்புறம் ஆள் போவான்.

போன வாரம் ஆபீஸ் ஜீப்பில் போய்ப் பழைய செல்லைக் கழற்றி, புதியதைப் பூட்டி, டேங்கில் மெத்தனாலை நிரப்பிவிட்டு வந்தார். டிரைவர் அவசரப்படுத்தியதால் உட்காரக்கூட நேரமில்லை. "இது வேற ஸ்பிரிட், அண்ணாச்சி. யாரையும் தொட விடாதீங்க," என்று ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னதோடு சரி. புது எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மண்டையோடு போட்ட 'விஷம்' சீட்டு டேங்கில் முதல் நாளிலிருந்தே இருந்தது. எத்தனால் இருந்த காலத்தில் யாரும் ஆசைப்பட்டுக் குடித்துவிடக் கூடாதே என்று அவரே ஒட்டிய பொய்ச் சீட்டு.

காலையில் சபீனாவின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் இரண்டாவது விஷயத்தைச் சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"மறந்தே போயி சார். நீங்க வர்றதுக்கு முந்தி தாசையன் விளிச்சிருந்தாரு. டேங்க் கோட்டுக்குக் கீழ போயாச்சாம்."

"நிரப்பி ஒரு வாரம்கூட ஆகலையே?"

"அதான் சொன்னாரு. பின்னே, ரெண்டு நாளாக் கண்ணு சரியில்லியாம். எல்லாம் மங்கலாத்தான் தெரியுதாம். பாவம்."

கோமதிநாயகம் காகிதத்தைக் கீழே வைத்தார். ஜவ்வு ஒழுகவில்லை. பொடி சாகவில்லை. டேங்கின் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவரிடம், ஒன்று தாசையனிடம். இத்தனை மாதமாக ஸ்பிரிட்டை ஒரு வாய் குடித்துக்கொண்டிருந்தது. மண்டையோட்டுச் சீட்டு வெறும் மிரட்டல் என்று அந்த வாய்க்கு அனுபவத்தில் தெரியும். அதே வாய் இப்போது மெத்தனாலையும் குடித்துவிட்டது.

டீக்கடை நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். மழையில் லைன் செத்துக் கிடந்தது. விதுரை ஆஸ்பத்திரியும் கிடைக்கவில்லை. மெத்தனாலுக்கு முறிவு எத்தனால்தான் என்று ஆய்வுக்கூடச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த எத்தனால் ஸ்டோர் அலமாரிக்குள். கலால் சட்டப்படி பூட்டி, சாவி டைரக்டர் வெங்கடேஸ்வரனிடம். அவர் சென்னையில்.

"சபீனா, லைன் கிடைக்கிற வரைக்கும் விதுரைக்கு அடிச்சிக்கிட்டே இரு. ஆம்புலன்ஸ் வேணும்னு சொல்லு," என்று கத்திவிட்டு ஆட்டோ பிடித்தவர்தான்.

பஸ் விதுரையைத் தாண்டியது. ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கியது. கண்ணாடியில் மழைத்தண்ணீர் கோடுகோடாக வழிந்தது.

கோமதிநாயகத்துக்குத் தாசையன் யார்? உறவில்லை. ஊர்கூட இல்லை. இவர் திருநெல்வேலி, அவர் மார்த்தாண்டம் பக்கம். ஆனால் தம்பானூர் லாட்ஜில் எட்டு வருஷமாக இருக்கிற கோமதிநாயகத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவது அறையின் மின்விசிறி மட்டும்தான். ரூம்பாய்கூட 'டீ வேணுமா' என்பதை ஒற்றைப் புருவத்தில் கேட்டுவிட்டுப் போவான். அவரிடம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே மனிதர் தாசையன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்து, இலை போட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சாரே, பிளாட்டினத்துக்கு இன்னும் பொண்ணு கிடைக்கலியா?" என்பார். ருத்தீனியத்தை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். கோமதிநாயகம் சிரிப்பார். அங்கே மட்டும்தான் சிரிப்பார். அதை நினைவில் வைத்து இன்னொரு சனிக்கிழமை போகலாமே என்று ஏனோ தோன்றியதில்லை. வேலை இருந்தால்தான் ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

தாசையன் ஒரு காலத்தில் பெருங்குடிகாரர். மனைவி போன பிறகு ஒரு தியானக் கூட்டத்தில் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் மகள் மெர்சி அப்பாவோடு பேசவே ஆரம்பித்தாள், அதுவும் போனில், அதுவும் பெருநாளுக்குப் பெருநாள். அந்த மனிதர் கையில் ஸ்பிரிட் டேங்கின் சாவியைக் கொடுத்தது யார்? கோமதிநாயகம் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

கல்லாற்றில் இறங்கியதும் டீக்கடை வடிவம்மாள் எட்டிப் பார்த்தாள். தென்காசியிலிருந்து வந்து அங்கே கடை போட்டிருப்பவள். முக்காட்டை நன்றாக இழுத்து விட்டிருந்தாள்.

"வாங்க சார். மழையோட வாறிய."

"தாசையண்ணாச்சி எங்கே?"

"காலம்பற போன் பேசிட்டுத் தடவித் தடவித்தான் போனாரு. பெறகு வெளிய தலையே காட்டல. கண்ணு தெறக்க முடியலன்னாரே."

"யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

"போனா வையுதாரு சார். கிட்ட வராதன்னு."

கிட்ட வராதே என்கிறாராம். வாயில் வாடை வந்துவிடும் என்று பயம். வேறென்ன?

"இந்த பஸ் பொன்முடி போயிட்டுத் திரும்பறப்போ நிறுத்தி வைங்க. ஆளைத் தூக்கிட்டுப் போகணும். மெடிக்கல் காலேஜுக்கு."

வடிவம்மாள் என்ன ஏதென்று கேட்பதற்குள் அவர் ஆற்றோரப் பாதையில் இறங்கிவிட்டார். கால் வழுக்கி ஒரு முறை விழுந்தார். பாட்டிலை மட்டும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

காவல் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் டேங்க். பூட்டு பூட்டியபடி இருந்தது. கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். நிறைந்து நிற்க வேண்டிய மெத்தனால் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது.

கொட்டகைக் கதவைத் தள்ளினார். தாசையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் எவனோ சுற்றுலாக்காரன் விட்டுப்போன கறுப்புக் கண்ணாடி. காலடிச் சத்தத்துக்கு நிமிர்ந்தவரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"சாரா? இன்னைக்கே வந்தாச்சா? நான் நாளைக்குத்தான் வருவியன்னு நினைச்சேன். இரியுங்க, கிழங்கு அவிச்சு வச்சிருக்கேன்."

கோமதிநாயகம் கண்ணாடியைப் பிடுங்கினார். உள்ளே இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, இமை வீங்கி, நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இது எத்தனை விரல்?"

"என்ன சாரே, சின்னப் பிள்ளையளுக்குக் கேக்குத மாதிரி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மூணு. கிட்ட வராதிய, இது ஒட்டுத தீனம். செங்கண்ணு. வடிவம்மாளுக்கும் வந்தாச்சு. அதாக்கும் முக்காடு போட்டுக்கிட்டு நிக்கா."

மெட்ராஸ் ஐ. கோமதிநாயகம் மூச்சை விட்டார். அப்படியே சுவரில் சாய்ந்தார். ஒரு நொடிதான். மறுநொடியே நிமிர்ந்துவிட்டார். கண்நோய் இருக்கட்டும். டேங்க் காலியாக இருக்கிறதே. மெத்தனால் கண்ணைப் பிடிப்பதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். செங்கண்ணுக்குப் பின்னால் அது ஒளிந்துகொண்டு வந்தால்?

"வயிறு வலிக்குதா? வாந்தி வந்ததா?"

"இல்ல."

"அண்ணாச்சி, நான் கோபப்பட வரலை. டேங்கில் இருந்ததைக் குடிச்சீங்களா?"

தாசையனின் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல அணைந்தது. "நான் கர்த்தருக்கு முன்னால நிறுத்தினவன், சாரே."

"கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். போன வாரம் ஊத்தினது பழைய ஸ்பிரிட் இல்லை. நெஜமான விஷம். ஒரு டம்ளர் போதும். முதல்ல கண்ணு, ராத்திரிக்குள்ள உசிரு." பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகத் தெரியாமல் சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். "இது பிராந்தி. இதுதான் முறிவு. பஸ் வர்ற வரைக்கும் இதைக் குடிச்சிக்கிட்டிருக்கணும். அப்புறம் ஆஸ்பத்திரி."

பிராந்தி வாடை அந்தச் சின்னக் கொட்டகையை நிறைத்தது. தாசையன் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தார்.

"அதை மூடுங்க சாரே. எனக்க முன்னால அதைத் தெறக்காதிய."

"குடிக்கலைன்னா செத்துப்போவீங்க."

"நான் தொடல. எனக்க மெர்சியாணை, ஒரு துள்ளி தொடல."

கோமதிநாயகம் அவர் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அப்படியானால் இன்னும் மோசம்.

"சரி. நீங்க தொடலை. அப்போ வேற யாரோ குடிச்சிருக்கான். உங்க சாவியை எடுத்து எவனோ திறந்திருக்கான். இந்தக் காட்டில் எங்கேயோ ஒருத்தன் இப்போ கண்ணு தெரியாம கிடக்கான். யாரு அவன்? எஸ்டேட் ஆளா? ரோடு வேலைக்காரங்களா? பேரைச் சொல்லுங்க, ஓடிப்போய் அவன் வாயில ஊத்துதேன்."

"ஒருத்தனும் குடிக்கல."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

தாசையன் தரையைப் பார்த்தார்.

"எப்படித் தெரியும், அண்ணாச்சி? ஒரு உசிரு போகப் போகுது. போலீசுக்குச் சொல்லி வீடுவீடாத் தேடச் சொல்லணும். நான் கடைக்குப் போறேன்."

திரும்பியவரின் கையைத் தாசையன் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

"போவாதிய. ஊரைக் கூட்ட வேண்டாம். நான்தான் குடிச்சேன்."

"இப்போதானே மகள் மேல சத்தியம் பண்ணினீங்க?"

"பொய்ச் சத்தியம். நான்தான் குடிச்சேன். கொண்டாங்க அதை."

தாசையன் பிராந்தியை ஒரு அலுமினிய டம்ளரில் ஊற்றச் சொல்லி வாங்கினார். வாங்கும்போதே பாதி கைலியில் சிந்தியது. டம்ளர் உதட்டுக்கு அருகே போயிற்று. உதடு பிரியவில்லை. கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. நோயின் நீரா, வேறா, தெரியவில்லை.

கோமதிநாயகத்துக்குள் ஏதோ உறுத்தியது. அளந்து பார்த்தே பழகிப்போன மூளை அது. பதற்றத்திலும் கணக்குப் போட்டது.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"கொறஞ்சது முழுக்க."

"முழுக்கவா? வேற யாருக்கும் கொடுக்கலையா?"

"இல்ல. நான் ஒருத்தன்தான்."

கோமதிநாயகம் டம்ளரை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தார்.

"அதில் கால்வாசி குடிச்சிருந்தாலே இதுக்குள்ள உங்களை அடக்கம் பண்ணியிருப்பாங்க, அண்ணாச்சி. நீங்க கிழங்கு அவிச்சு வச்சிருக்கீங்க."

தாசையன் கைலியில் சிந்திய பிராந்தியைக் கையால் துடைத்தார்.

"குடிக்காத ஒருத்தர் குடிச்சேன்னு சொல்லுதீங்க. சத்தியத்தையே விடத் துணிஞ்சு டம்ளரைத் தூக்குதீங்க. யாரைக் காப்பாத்த?"

"யாரையும் இல்ல, சாரே."

"அப்போ ஸ்பிரிட் எங்கே?"

தாசையன் கையை நீட்டி, கதவுக்கு வெளியே காட்டினார். "அந்தப் பாறையில ஊத்தினேன்."

"ஊத்தினீங்களா?"

"இப்ப மட்டுமில்ல. எப்பவும் நான்தான். ராத்திரி கொஞ்சம், விடியக்காலம் கொஞ்சம். பாறையில ஊத்தினா வெயிலுக்கு முந்தியே காத்துல போயிரும். வாடைகூட நிக்காது."

கோமதிநாயகம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜவ்வு, ஒழுக்கு, வேகமான பொடி, செத்த பொடி, அச்சுக்குப் போய்விட்ட பேப்பர். இந்தப் பாறையில் ஊற்றிய ஸ்பிரிட்டுக்காக எத்தனை உலை எரிந்திருக்கிறது. கோபம் வரவேண்டிய இடத்தில் வெறும் குழப்பம்தான் வந்தது. எந்தப் பைத்தியக்காரன் இதைச் செய்வான்?

"யாராவது செய்யச் சொன்னாங்களா?"

"இல்ல."

"என்னோட வேலையைக் கெடுக்கணும்னு ஏதாவது..."

"சீ. என்ன சாரே இப்பிடிக் கேட்டுப்போட்டிய." தாசையனின் குரல் உடைந்தது. "உங்க வேலை நல்லாத்தான் இருக்கு. மிஷின் ஒரு நாள்கூட நிக்கல. அதாக்கும் பிரச்சினை."

"நல்லா ஓடுறது பிரச்சினையா?"

"முந்தி நீங்க வாரத்துக்கொருக்க வந்து தங்கினியளே, அப்ப நான் தொட்டேனா? ஒரு துள்ளி தொடல. பெறகு நீங்க எழுத்துவேலைன்னு போனிய. போனவாரம் வந்திய, இலை போட்டு வச்சிருந்தேன், ஜீப்பை விட்டு முழுசா இறங்கக்கூட இல்ல."

வீங்கிய இமைகளுக்கு நடுவே தாசையன் அவர் முகத்தைத் தேடினார்.

"இந்தக் காட்டுல எனக்க கிட்டப் பேச ஒருத்தரும் கிடையாது, சாரே. டேங்கு நெறஞ்சு நின்னா நீங்க வரமாட்டிய."